பேக் டைட்ரேஷன்: 100-லிருந்து கழித்தால் விடை வருகிறதே, இது குறுக்குவழியா?

மிட்ராண்ட் அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். மகன் இங்கே தென்னாப்பிரிக்காவில் இந்த வருடம் மெட்ரிக், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு. செப்டம்பரில் பிரிலிம்ஸ் என்கிற முன்தேர்வு, இன்னும் ஐந்து வாரம்கூட இல்லை. பிசிக்கல் சயின்ஸ் இரண்டாம் தாளில், அதாவது கெமிஸ்ட்ரியில், மற்றதெல்லாம் ஓரளவு போட்டுவிடுகிறான், இந்த பேக் டைட்ரேஷன் கணக்கு வந்தால் மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறான். நான் ஊரில் பி.காம். முடித்துவிட்டு வந்தவள், இங்கே ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், எனக்கு கெமிஸ்ட்ரி பத்தாம் வகுப்போடு சரி. ஆனாலும் இரவு அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன், ஏனென்றால் நேற்று அவன் கண்டுபிடித்த ஒரு "குறுக்குவழி" எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

டியூஷனில் கொடுத்த கணக்கு இது. மாசு கலந்த சுண்ணாம்புக்கல் 2.00 கிராம். லிட்டருக்கு 0.80 மோல் (மோல் என்பது கெமிஸ்ட்ரியில் பொருளை எண்ணுகிற அலகாம்) செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50 மி.லி. எடுத்து அதில் இந்தக் கல்லைப் போடுகிறார்கள். நுரை அடங்கியதும் வடிகட்டி, தண்ணீர் சேர்த்து மொத்தம் 250 மி.லி. ஆக்குகிறார்கள். அதிலிருந்து 25 மி.லி. மட்டும் எடுத்து, லிட்டருக்கு 0.05 மோல் செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு என்கிற காரத்தால் டைட்ரேட் செய்தால், அதாவது அமிலம் தீரும்வரை சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளந்தால், 18.4 மி.லி. செலவாகிறது. மாசு அமிலத்தோடு வினைபுரியாது என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். கல்லில் கால்சியம் கார்பனேட் எத்தனை சதவீதம்? (வினாத்தாளில் கன டெசிமீட்டர் என்று இருக்கிறது, லிட்டரேதான் என்று மகன் சொன்னான். புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் இங்கே கமா வைக்கிறார்களே, 0,80 என்று, முதல் நாள் நான் அதை இரண்டு எண்ணாகப் படித்துக் குழம்பினேன்.)

விடை 77%. மகன் போட்டது: 0.05 × 0.0184 = 0.00092 மோல், பத்தால் பெருக்கி 0.0092, இரண்டால் வகுத்து 0.0046, கால்சியம் கார்பனேட்டின் மோல் எடையான 100-ஆல் பெருக்கி 0.46 கிராம், ஆக 2.00-க்கு 23%. தப்பு. ஆனால் 100-லிருந்து 23-ஐக் கழித்தால் 77! "அவ்வளவுதான் அம்மா, கடைசியில் 100-லிருந்து கழிக்கணும்" என்று சந்தோஷமாக எழுதி வைத்துக்கொண்டான்.

சரி என்று அடுத்த கணக்குக்குப் போனோம். அதே அமிலம், அதே 50 மி.லி., கல் மட்டும் 1.60 கிராம், டைட்ரேஷனில் 20.0 மி.லி. அவன் வழியில் போட்டால் 31.25%, 100-லிருந்து கழித்தால் 68.75%. விடைத்தாளில் 93.75%. இப்போது அவனுக்குக் கோபம், விடைத்தாள் தப்பு என்கிறான். ஒரு கணக்கில் வேலை செய்கிற வழி இன்னொன்றில் ஏன் கவிழ்கிறது? யாராவது எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்களேன், நான் அவனுக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

சாட்ஸ்வர்த் வாத்தியார்:

அம்மா, விடைத்தாள் தப்பு இல்லை. உங்கள் மகனும் முழுக்கத் தப்பு இல்லை, அவனுக்கு 77 வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைப் பிடித்துவிட்டால் பேக் டைட்ரேஷன் முழுக்கக் கையில் வந்துவிடும், அதனால் அந்தக் குறுக்குவழியை இப்போதே கிழித்துப் போடச் சொல்லாதீர்கள். நான் டர்பனில் முப்பது வருடத்துக்கு மேல் இந்தப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். என் தமிழ் பாட்டியிடமும் சனிக்கிழமைப் பள்ளியிலும் கற்றது, அங்கங்கே இடறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கெமிஸ்ட்ரியைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். புரட்டாசி சனிக்கிழமை பூஜை, கோயில் மண்டபத்தில் 200 பேர். எல்லோருக்கும் போதுமான அளவு, ஆளுக்கு இரண்டு என்று 400 வடை சுட்டுவிட்டோம். ஆனால் வந்தவர்களில் சிலர் அன்று வடை சாப்பிட மாட்டார்கள், விரதமோ கொழுப்போ, ஏதோ ஒன்று. சாப்பிடுகிறவர்கள் ஆளுக்குச் சரியாக இரண்டு எடுப்பார்கள், ஒன்று கூடாது ஒன்று குறையாது (நம் ஆட்களிடம் இது நடக்காது, கணக்குக்காகச் சொல்கிறேன்). எத்தனை பேர் வடை சாப்பிட்டார்கள்? கூட்டத்துக்குள் புகுந்து ஒவ்வொருவராகக் கேட்க முடியாது. அதனால் எல்லோரும் போனபிறகு மிச்சத்தை எண்ணுகிறோம். மிச்ச வடையைப் பத்துத் தட்டில் சமமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், ஒரு தட்டை எண்ணினால் 9. அப்போது மொத்த மிச்சம் 90. தின்றது 310. ஆளுக்கு இரண்டு, ஆக 155 பேர்.

இதில் வடைதான் அமிலம். வடை சாப்பிட்ட ஆள் கால்சியம் கார்பனேட், சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவர் மாசு. ஒரு மோல் கால்சியம் கார்பனேட் இரண்டு மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தின்னும், அதுதான் ஆளுக்கு இரண்டு. பத்தில் ஒரு தட்டை எண்ணியதுதான் 250 மி.லி.யிலிருந்து 25 எடுத்தது. கடைசியில் மிச்சத்தை எண்ண வந்த ஆள் சோடியம் ஹைட்ராக்சைடு. அவன் கல்லை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை என்பதைப் பையன் மனதில் நன்றாகப் பதிய வையுங்கள், முக்கால்வாசிப் பிள்ளைகள் வழுக்கி விழுவது அங்கேதான். சோடியம் ஹைட்ராக்சைடு மோலை எடுத்து நேராகக் கால்சியம் கார்பனேட் மோலாக மாற்றுகிறார்கள். உங்கள் மகன் செய்ததும் அதேதான்.

இப்போது குறுக்குவழிக்கு வருவோம். மிச்சம் 90 வடையை இரண்டால் வகுத்தால் 45. அது என்ன? சாப்பிடாதவர்களின் எண்ணிக்கை! 200-லிருந்து 45 போனால் 155, சரியான விடை. ஏன் சரியாக வந்தது? 200 பேருக்கும் போதுமான அளவு, அதாவது மிகச் சரியாக 400 சுட்டதால். நாம் தாராளமாக 500 சுட்டிருந்தால் மிச்சம் 190, அதை இரண்டால் வகுத்தால் 95. அந்த 95 யாருடைய எண்ணிக்கையும் இல்லை, வெறும் எண்.

உங்கள் முதல் கணக்கைப் பாருங்கள். அமிலம் 0.80 × 0.050 = 0.040 மோல். அது 0.020 மோல் கால்சியம் கார்பனேட்டுக்குப் போதும், அதன் எடை 2.00 கிராம். எடுத்த கல்லும் 2.00 கிராம். அதாவது கல் முழுக்கச் சுத்தமாக இருந்தால் ஒரு சொட்டு அமிலம்கூட மிஞ்சியிருக்காது, 200 பேருக்கு 400 வடை. கணக்கு எழுதியவர் வட்டமான எண்ணாக இருக்கட்டும் என்று போட்டிருப்பார், அது உங்கள் பையனுக்கு வலையாகிவிட்டது. இரண்டாவது கணக்கில் கல் 1.60 கிராம்தான், அமிலம் அதே 0.040. தேவைக்கு மேல் வடை. அதனால் குறுக்குவழி கவிழ்ந்தது.

முழு வழி எப்போதும் வேலை செய்யும். முதல் கணக்கு: போட்ட அமிலம் 0.040. மிச்சம், 25 மி.லி.யில் 0.00092, ஆக 250-ல் 0.0092. கல் தின்றது 0.040 − 0.0092 = 0.0308. பாதி 0.0154 மோல், 1.54 கிராம், 2.00-க்கு 77%. இரண்டாவது: மிச்சம் 0.05 × 0.0200 × 10 = 0.010. தின்றது 0.030. பாதி 0.015, 1.50 கிராம், 1.60-க்கு 93.75%.

பையனிடம் ஒரு நீளமான பட்டை வரையச் சொல்லுங்கள். பட்டை முழுக்க 0.040 என்று எழுதட்டும். வலது ஓரத்தில் கொஞ்சம் வெட்டி "மிச்சம், சோடியம் ஹைட்ராக்சைடு கொண்டுபோனது" என்று எழுதட்டும். இடது பக்கம் "கல் கொண்டுபோனது". கேள்வி கேட்பது எப்போதும் இடது பக்கத்தை, டைட்ரேஷன் தருவது எப்போதும் வலது பக்கத்தை. கழித்தலை இங்கே, மோலில்தான் செய்ய வேண்டும், கடைசியில் சதவீதத்தில் இல்லை.

ப்ரிட்டோரியா பையன்:

ஆன்ட்டி, நான் இரண்டு வருடம் முன்னால் மெட்ரிக் எழுதியவன், இப்போது யூனிவர்சிட்டியில். சார் சொன்ன வடை சூப்பர், ஆனால் எக்ஸாமில் வடை வரையாதீர்கள் 😄

எனக்கு உதவியது வேறு. கேள்வியைப் படிக்கும்போதே இது பேக் டைட்ரேஷனா என்று கண்டுபிடிக்கணும், ஏனென்றால் அவர்கள் அந்தப் பெயரைப் போட மாட்டார்கள். மூன்று பொருள் வருகிறதா பாருங்கள்: ஒரு கல்லோ மாத்திரையோ, ஒரு அமிலம், ஒரு காரம். அதில் இரண்டுக்குச் செறிவும் பருமனும் கொடுத்திருப்பார்கள், மூன்றாவதுக்கு எடை மட்டும்தான். "மிகுதியான அமிலம்", "எஞ்சிய அமிலம்" இப்படி ஏதாவது வார்த்தை கண்ணில் பட்டால் முடிந்தது, அதுதான்.

அப்புறம் அந்த ஃபார்முலா தாள். பரிட்சையில் கொடுப்பார்களே, அதில் அமிலத்தின் செறிவு பெருக்கல் பருமன், கீழே காரத்தின் செறிவு பெருக்கல் பருமன், சமம் மோல் விகிதம் என்று ஒன்று இருக்கும். அதைப் பார்த்தால் கை அரிக்கும். நான் கிரேட் 12 முதல் டெஸ்டில் 0.80-யும் 50-யும் மேலே போட்டு, 0.05-யும் 18.4-யும் கீழே போட்டு, என்ன வருகிறதென்றே தெரியாமல் எழுதிவிட்டு வந்தேன். பூஜ்யம். அந்த ஃபார்முலா ஒரே வினையில் ஒன்றோடொன்று முழுசாக முடிந்துபோன இரண்டு பேருக்கு மட்டும்தான். இங்கே அமிலம் இரண்டு பேரோடு வினைபுரிந்திருக்கிறது, அதனால் ஆரம்பத்து 0.80-ஐ அங்கே போடவே கூடாது. கடைசி டைட்ரேஷனுக்கு மட்டும் போடலாம்: 25 மி.லி.யில் அமிலத்தின் செறிவு 0.0368 வரும். அதை 0.250 லிட்டரால் பெருக்கினால் 0.0092. சிலர் இதைப் பழைய 50 மி.லி.யால் பெருக்கிவிடுவார்கள், அதுவும் காலி. என்னைக் கேட்டால் அந்த ஃபார்முலாவையே மறந்துவிட்டு, செறிவு × பருமன் = மோல் என்பதை மட்டும் வைத்து எல்லாவற்றையும் செய்வது பெட்டர்.

இன்னொன்று, பத்தால் பெருக்க மறந்தால் 97.7% வரும். பார்க்க ரொம்ப நல்ல விடை மாதிரி இருக்கும், சந்தேகமே வராது. அதனால் 250 என்ற எண்ணைக் கேள்வித்தாளிலேயே வட்டம் போட்டுவிடணும். இரண்டால் வகுக்க மறந்தால் 154%, அது பரவாயில்லை, 100-க்கு மேல் போனாலே தப்பு என்று தெரிந்துவிடும்.

சுண்ணாம்புக்காரன்:

கடைசி வரியில் மட்டும் தம்பியோடு எனக்குக் கொஞ்சம் சண்டை. 100-க்கு மேல் போனாலே தப்பு என்பது பரிட்சைக்குச் சரி. நான் ஜோஹன்னஸ்பர்க் பக்கம் ஒரு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன், பழைய தங்கச் சுரங்கங்களிலிருந்து வரும் அமிலத் தண்ணீரை நடுநிலையாக்க சுண்ணாம்புக்கல்லும் சுண்ணாம்பும் லாரி லாரியாகப் போகின்றன, அந்தக் கல்லைச் சோதிக்கிறது எங்கள் வேலையில் ஒரு பகுதி. இதே பேக் டைட்ரேஷன்தான், தினமும். அதில் 108 எல்லாம் சாதாரணமாக வரும். காரணம், கல்லில் மக்னீசியம் கார்பனேட்டும் இருக்கிறது. அதன் மோல் எடை 84.3தான், ஆனால் அதுவும் இரண்டு மோல் அமிலம் தின்னும். சுத்தமான மக்னீசியம் கார்பனேட்டைக் கால்சியம் கார்பனேட் என்று நினைத்துக் கணக்குப் போட்டால் 118 சொச்சம் சதவீதம் வரும், கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்த கார்பனேட் கல்லான டோலமைட் என்றால் 108, 109. ப்ரிட்டோரியாவை அடுத்த செஞ்சூரியன் ஊர்ப் பக்கம் திடீரென்று நிலம் உள்வாங்கிக் குழி விழுகிறதே, அதே டோலமைட்தான். விவசாயச் சுண்ணாம்பு மூட்டை விற்கிறவர்கள் இதைத் தப்பாக நினைப்பதில்லை, "இத்தனை கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம்" என்றுதான் சொல்வார்கள். பையன் பயப்பட வேண்டாம், வினாத்தாளில் மாசு வினைபுரியாது என்று எழுதியிருப்பதே இந்தத் தொல்லை வராமல் இருக்கத்தான். அந்த வரி சும்மா போட்டது இல்லை.

ஏன் சுற்றி வளைத்துச் செய்கிறோம், நேராகக் கல்லை டைட்ரேட் செய்தால் என்ன என்று பிள்ளைகள் கேட்பார்கள், கேட்க வேண்டிய கேள்விதான். சுண்ணாம்புக்கல் தண்ணீரில் கரையாது. அளவு குறித்த கண்ணாடிக் குழாயான பியூரெட்டிலிருந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால் முதலில் நன்றாக நுரைக்கும், கடைசிக் கொஞ்சம் கல் மட்டும் கரையாமல் அடம் பிடிக்கும், நிறம் மாறும், திரும்பப் பழைய நிறத்துக்கே போகும், எது முடிவு என்று தெரியாமல் நின்றுகொண்டிருக்க வேண்டும். மிகுதியான அமிலத்தை மொத்தமாக ஊற்றிக் கொதிக்க வைத்தால் கல் ஒழுங்காகக் கரைந்துவிடும், மிச்ச அமிலத்துக்கும் சோடியம் ஹைட்ராக்சைடுக்கும் நடக்கிற சண்டையில் ஒரு சொட்டில் நிறம் மாறும்.

கொதிக்க வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைத் தெரியாமல் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடை ஓட்டாமல் அப்படியே நிறம் மாறிக் காட்டுகிற ஃபினால்ஃப்தலீன் போட்டு டைட்ரேட் செய்தேன். அந்த வாயுவும் கொஞ்சம் சோடியம் ஹைட்ராக்சைடைத் தின்றுவிட்டது. பியூரெட்டில் அதிகம் செலவானதால் மிச்ச அமிலம் அதிகம் என்று கணக்கு வந்தது, மிச்சம் அதிகமென்றால் கல் தின்றது குறைவு, நல்ல கல்லை மட்டம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கல் கொண்டுவந்தவர் சும்மா விடுவாரா? பரிட்சையில் இந்த மாதிரிக் கேள்வியும் வரலாம்: டைட்ரேஷன் அளவு கூடினால் சதவீதம் கூடுமா, குறையுமா? குறையும். வாத்தியார் சொன்ன பட்டையை வரைந்து பார்த்தால் உடனே தெரியும், வலது பக்கம் வளர்ந்தால் இடது பக்கம் சுருங்கித்தானே ஆக வேண்டும்.

நாங்கள் பிளாங்க் என்று ஒன்றும் செய்வோம், கல்லே போடாமல் வெறும் அமிலத்தை அதேபோல நீர்த்து டைட்ரேட் செய்வது. உங்கள் கணக்கில் அது 80.0 மி.லி. வரும். 80.0 − 18.4 = 61.6 மி.லி., அதாவது 0.0616 லிட்டர், அதை 0.05-ஆல் பெருக்கிப் பத்தால் பெருக்கினால் நேராக 0.0308, கல் தின்ற அமிலம். 50 மி.லி. பியூரெட்டில் 80 அடங்காது என்பது வேறு விஷயம், தாளில் எழுதுகிற கணக்குக்கு யார் பியூரெட்டைப் பார்க்கிறார்கள்.

மிட்ராண்ட் அம்மா:

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. ஐயா, வடை எனக்குப் புரிந்ததைவிட அவனுக்கு வேகமாகப் புரிந்தது, சாப்பாட்டு விஷயம் ஆயிற்றே. எனக்கு எப்படிப் புரிந்தது தெரியுமா, இது எங்கள் சரக்குக் கணக்கு! தொடக்க இருப்பு, கடைசி இருப்பு, இரண்டுக்கும் வித்தியாசம் செலவு. கிடங்கில் வருடக் கடைசியில் போய் எண்ணுகிறவனுக்கு யார் வாங்கினார்கள் என்றெல்லாம் தெரியாது, இருப்பதை எண்ணிச் சொல்வான், அவ்வளவுதான். இதைத் தினமும் செய்துகொண்டே கெமிஸ்ட்ரி தெரியாது என்று உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் நேற்று இரவு வேறு ஒரு கூத்து. பட்டையெல்லாம் வரைந்து சரியாகத்தான் ஆரம்பித்தான், முதல் படியிலேயே 0.00092-ஐ 0.00 என்று எழுதிவிட்டான்! கேட்டால், வினாத்தாளின் முதல் பக்கத்தில் இரண்டு தசம இடத்துக்கு முழுமையாக்கச் சொல்லியிருக்கிறது என்று எடுத்துக் காட்டுகிறான். மிச்சம் பூஜ்யம், ஆகவே கல் 100% சுத்தம் என்று விடை. நான் சிரித்துவிட்டேன், அவன் சிரிக்கவில்லை.

இன்னொரு சந்தேகமும் கேட்கச் சொன்னான். நடுவில் ஒரு படி தப்பினால் மொத்த மதிப்பெண்ணும் போய்விடுமா?

சாட்ஸ்வர்த் வாத்தியார்:

அந்த வரியை அவனை இன்னொரு தடவை மெதுவாகப் படிக்கச் சொல்லுங்கள் அம்மா. இறுதி விடையை, குறைந்தது இரண்டு தசம இடத்துக்கு என்றுதான் இருக்கும். "இறுதி", "குறைந்தது" இரண்டும் அங்கே முக்கியம். நடுவில் வருகிற மோல்களை வெட்டவே வேண்டாம், கால்குலேட்டரில் அப்படியே இருக்கட்டும், தாளில் எழுதும்போது நான்கைந்து இலக்கம் எழுதட்டும். நான் திருத்திய தாள்களில் 0.0154-ஐ 0.02 என்று எழுதி 100% விடை கொண்டுவந்த பிள்ளைகளும் உண்டு. ஒன்றும் செய்ய முடியாது, வழி சரி, எண் நாசம்.

மதிப்பெண் பற்றிக் கவலை வேண்டாம். கேள்வியை இரண்டு மூன்று உட்பிரிவாக உடைத்திருந்தால், முதல் பிரிவில் தப்பிய எண்ணை வைத்து அடுத்ததைச் சரியாகச் செய்தாலும் அடுத்ததற்கு மதிப்பெண் கொடுக்கச் சொல்லித் திருத்துகிறவர்களுக்குக் குறிப்பு இருக்கும். அதனால் ஒரு படி வராவிட்டால் ஏதாவது ஒரு எண்ணைப் போட்டுக்கொண்டு மேலே போகட்டும், பேனாவைக் கீழே வைப்பதுதான் எல்லாவற்றையும்விட மோசம். ஆனால் ஒவ்வொரு மோலுக்கும் பக்கத்தில் அது யாருடைய மோல் என்று எழுத வேண்டும். "0.0092" என்று அம்போ என்று விட்டால் திருத்துகிறவருக்கு அது அமிலமா காரமா எப்படித் தெரியும்? அவரும் நாள் முழுக்க நூற்றுக்கணக்கில் தாள் பார்த்துக் களைத்திருப்பார்.

இப்போது கல்லை விட்டு வேறு ஒன்று தருகிறேன், ஏனென்றால் பையன் "சுண்ணாம்புக்கல் வந்தால் இப்படி" என்று மனப்பாடம் செய்துவிடக்கூடாது. இதில் எல்லாம் தலைகீழ், காரத்தை மிகுதியாகப் போடுகிறோம், மிச்சத்தை அமிலத்தால் எண்ணுகிறோம்.

அம்மோனியம் சல்ஃபேட் உரம், மாசு கலந்தது, 1.50 கிராம். லிட்டருக்கு 0.50 மோல் செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு 50 மி.லி. சேர்த்து, அம்மோனியா வாடை முழுக்கப் போகும்வரை கொதிக்க வைக்கிறோம். ஆறியபிறகு மிச்சம் முழுவதையும் (இங்கே பத்தில் ஒரு தட்டு கிடையாது, கவனம்) லிட்டருக்கு 0.20 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் டைட்ரேட் செய்தால் 25.0 மி.லி. ஒரு மோல் அம்மோனியம் சல்ஃபேட்டுக்கு இரண்டு மோல் சோடியம் ஹைட்ராக்சைடு, அதன் மோல் எடை 132. எத்தனை சதவீதம்?

அம்மோனியா என்றதும் ஒரு விஷயம் நினைவுக்கு வருகிறது. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பியர் ஆலையின் ஆய்வகத்தில் யோஹான் கெல்டால் என்பவர் 1883-ல் தானியத்தில் புரதம் எவ்வளவு என்று அளக்க ஒரு வழி சொன்னார். தானியத்தைக் கந்தக அமிலத்தில் வேகவைத்து, அதிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக்கி, அந்த வாயுவை அளவு தெரிந்த அமிலத்துக்குள் பிடித்து, மிஞ்சிய அமிலத்தை எண்ணினார். வாயுவைக் குடுவையில் வைத்து டைட்ரேட் செய்ய முடியாது, பறந்துவிடும், அதனால் பின்பக்கமாகப் போனார். நீங்கள் காலையில் பாப் கஞ்சி கிண்டுகிறீர்களே, அந்த மீலி மீல் சோளமாவின் புரதத்தையும் அவர் பெயர் கொண்ட முறையில் அளக்கலாம், இன்றைக்கும்.

ப்ரிட்டோரியா பையன்:

சார், மனதுக்குள்ளேயே போட்டுவிட்டேன், விடையை இங்கே சொல்லவில்லை. ஆன்ட்டி, அவன் பழைய குறுக்குவழியில் போட்டால் 78 வரும், அது வந்தால் திரும்ப வடைக்கே போகச் சொல்லுங்கள்.

மிட்ராண்ட் அம்மா:

இப்போதுதான் முடித்தான். முதலில் பழக்கதோஷத்தில் பத்தால் பெருக்கிவிட்டான். மிச்சம் 0.050 மோல் என்று வந்தது, போட்டதோ 0.025. "அம்மா, போட்டதைவிட மிச்சம் அதிகமாக இருக்கு" என்று அவனே நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான், நான் வாயே திறக்கவில்லை.

அப்புறம் போட்டது: போட்ட காரம் 0.025, மிச்சம் 0.005, உரம் தின்றது 0.020, பாதி 0.010, 132-ஆல் பெருக்கி 1.32 கிராம், 1.50-க்கு 88%. சரியா ஐயா? ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் யாருடைய மோல் என்றும் எழுதியிருக்கிறான், ஒரு இடத்தில் மட்டும் "வடை" என்று எழுதியிருந்தான், அடித்துவிடச் சொன்னேன்.

சாட்ஸ்வர்த் வாத்தியார்:

88, சரி. அந்த வடையை அடித்திருக்க வேண்டாம்.